ஒரே தட்டு, இரண்டு காது

1

பாபுவுக்கும் ஸ்டெல்லாவுக்கும் பெரியப்பா சேசுராஜ் எழுதுவது. இதைச் சத்தமாக வாசித்தாலும் பரவாயில்லை, செட்டியார்பட்டியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கேட்கட்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் ஸ்டெல்லா திருத்திக்கொள்ளட்டும்.

புத்தாண்டு அன்று ராஜபாளையத்துக்கு வந்து, பூத்தில் இருந்து போன் செய்தீர்கள். நீங்கள் இரண்டு பேரும் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு சண்டை போட்டது ஜெர்மனி வரைக்கும் கேட்டது. ஜெரோம் அண்ணன்தான் எடுத்தான். "என்ன? யாரு? என்னது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு போனை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

"பெரியப்பா, அண்ணனுக்குத் தமிழ் மறந்துபோச்சா?" என்று பாபு கேட்டான்.

பின்னால் ஸ்டெல்லாவின் குரல்: "இல்லலே, அவிய பெரிய ஆளாயிட்டாவ. இனி நம்மகூடல்லாம் பேசுவாவளா?"

கடைசியில் உங்கள் அப்பா போனை வாங்கினான். "பையன் நம்மள விட்டுப் போயிட்டானோ, அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டான். என் தம்பி அப்படிக் கேட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது. பூத்தில் நிற்கிற ஆளிடம் எம்புட்டுதான் விளக்க முடியும்? "அப்படில்லாம் ஒண்ணும் இல்லடா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சொல்ல முடியாமல் போனது இதுதான். அண்ணனுக்குத் தமிழும் மறக்கவில்லை, உங்களையும் மறக்கவில்லை. அன்றைக்கு அவன் போனை இடது காதில் வைத்துவிட்டான். அந்தக் காது கெட்டுப்போயிருக்கிறது. அவனுக்கு வயது பத்தொன்பதுதான்.

2

உங்கள் பெரியம்மா லூர்து இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கன்னியர் மடத்தின் மூலமாக முதலில் வந்தவள் அவள்தான். நானும் ஜெரோமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருந்தோம். எண்பத்து நாலில் எங்களுக்கு விசா கிடைத்தது. அப்போது அவனுக்கு ஆறு வயது.

இங்கே வந்ததும் நான் வேலை பார்க்கக் கூடாது என்றார்கள். நர்ஸின் புருஷன் கூட இருக்கலாம், அவ்வளவுதான். வெளிநாட்டார் அலுவலகத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருப்பேன். முறை வந்ததும் ஒரு அம்மாள் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தித் தருவார். வேலைக்கு அனுமதி இல்லை என்று அதில் அச்சடித்திருக்கும். ராஜபாளையம் நூல் மில்லில் மூன்று ஷிப்டும் பார்த்தவன், இங்கே சோறு பொங்கினேன், துணி துவைத்தேன், பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வந்தேன். சில வருடம் கழித்துத்தான் அனுமதி வந்தது. இப்போது ஒரு கிட்டங்கியில் பெட்டி அடுக்குகிறேன்.

ஜெரோம் தமிழ் பேசுவது எங்களோடு மட்டும்தான். அதனால் அவன் தமிழ் ஆறு வயதிலேயே நின்றுவிட்டது. என்னைவிட ஒரு சாண் உயரம், தாடி வேறு வைத்திருக்கிறான். வீட்டுக்குள் நுழைந்ததும் "அம்மா, மம்மு வைங்க" என்பான். சோறு என்ற சொல் அவன் வாயில் வராது. லூர்து திருத்தப் போவாள். நான்தான் வேண்டாம் என்பேன்.

வார நாட்களில் எலக்ட்ரீசியன் வேலை பழகுகிறான். மற்ற நேரமெல்லாம் டெக்னோ, இங்கத்துப் பிள்ளைகள் ஆடுகிற ஒரு இசை. போன முறை ஊருக்கு வந்தபோது, "ஜெரோம் ரெக்கார்டு போடுதான், ஜனங்க ஆடுது" என்று நான் வாயை விட்டுவிட்டேன். "சேசுராஜ் மவன் ஜெர்மனில போயி ரெக்கார்டு டான்ஸ் நடத்துதானாம்" என்று அது தெருவெல்லாம் பரவி, பங்குச் சாமியார் என்னைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். அது வேறு, இது வேறு. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

டெக்னோவில் பாடுகிறவர் கிடையாது, வார்த்தை கிடையாது. டம், டம், டம், டம் என்று அடி ஒரே சீராக விழுந்துகொண்டே இருக்கும். முதல் தடவை கேட்டபோது எனக்கு மில்தான் ஞாபகம் வந்தது. ஒரு தட்டு, அதாவது ஒரு ரெக்கார்டு, ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஆடுகிறவர்களின் கால் நிற்கக் கூடாது. அதனால் முடிகிற தட்டின் மேலேயே அடுத்த தட்டு ஏற வேண்டும். ஏறியது யாருக்கும் தெரியக் கூடாது. அண்ணனின் வேலை அதுதான்.

அவன் முன்னால் இரண்டு பிளேயர், நடுவில் இரண்டின் சத்தத்தையும் கலக்கிற மிக்ஸர். ஓடுகிற தட்டு ஜனங்களுக்குக் கேட்கும். அடுத்த தட்டு அவன் இடது காதில் இருக்கும் ஹெட்போனில் மட்டும் கேட்கும். வலது காது ஹாலைக் கேட்கும். பிளேயரின் ஓரத்தில் மேலும் கீழும் தள்ளுகிற மாதிரி ஒரு குமிழ் உண்டு. தள்ளினால் தட்டின் வேகம் கூடும், குறையும். இதற்கு நிமிடத்துக்கு நூற்று முப்பது அடி, அதற்கு நூற்று முப்பத்து நாலு என்றால், குமிழைத் தள்ளி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணி, சரியாக ஒன்றில் விடுவான். அடி பிந்தினால் தட்டின் விளிம்பை விரலால் லேசாக உந்துவான். முந்தினால் தொட்டுப் பிடிப்பான். இரண்டும் சேராவிட்டால் குதிரை ஓடுகிற மாதிரி தடதடவென்று கேட்கும்.

இது பாதிதான். மீதி, கட்டை, அதாவது சுருதி. ஸ்டெல்லா, நீ பாடகர் குழுவில் பாடும்போது ஆர்மோனியக்காரர் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்று கேட்பாரே, அதேதான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கட்டை உண்டு. ஒத்துப்போகிற கட்டைகளைத்தான் ஒன்றன்மேல் ஒன்று போடலாம். இல்லையென்றால் ஒரே தெருவில் இரண்டு கல்யாண வீட்டு ஸ்பீக்கர் குழாயும் அலறுகிற மாதிரி இருக்கும். ஜெரோம் சின்ன கீபோர்டு ஒன்றைத் தட்டித் தட்டி ஒவ்வொரு தட்டின் கட்டையையும் கண்டுபிடித்து உறையில் பென்சிலால் குறித்து வைப்பான்.

இதில் ஒரு தொல்லை இருக்கிறது. வேகத்தைக் கூட்டினால் கட்டையும் கூடவே ஏறும். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூட்டினால் அரைக் கட்டை ஏறிவிடும். அடியைச் சேர்க்கப் போனால் கட்டை பிரியும், கட்டையைச் சேர்க்கப் போனால் அடி பிரியும். இரண்டும் சேருகிற ஜோடியைத் தேடித்தான் அவன் நிலவறையிலேயே கிடந்தான். இங்கே அடுக்குமாடிக்குக் கீழே வீட்டுக்கு ஒரு நிலவறை உண்டு.

3

வேகம் ஏறினால் கட்டை ஏறும் என்பது எனக்குப் புதிது இல்லை. மில்லுக்குப் போன நாளிலேயே, விசேஷ காலங்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் காதர் பாயின் மைக் செட்டில் நான் ஜெனரேட்டர் பார்ப்பேன். பந்தலில் டியூப் லைட் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் ஜெனரேட்டர் முக்கும். பிளேயரின் மோட்டார் சுணங்கும். குழாயில் பாடுகிற அம்மாவின் குரல் ஆம்பளைக் குரலாக இழுக்கும்.

பாய் பந்தலின் அந்தப் பக்கத்தில் இருந்து கத்துவார். "ஏலே சேசு, பாட்டு இறங்குதுலே! ஏத்து, ஏத்து... போதும்லே, அந்தம்மா கீச்சுன்னு கத்துது, கொஞ்சம் இறக்கு!"

நான் ஆக்ஸிலேட்டரைத் திருகித் திருகி அந்தம்மாவை அவருடைய கட்டைக்குக் கொண்டுவந்து சேர்ப்பேன். ஒரு சப்பரத்தின்போது ஜெரோம் என் மடியில் இருந்தான். பாட்டு இழுத்ததும், "அப்பா, பாட்டுக்காரிக்குத் தூக்கம் வருது" என்றான். பாய் அதை ஒரு வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆக, அப்பாவும் மகனுமாக நாங்கள் படித்த பாடம் இது. பாட்டின் கட்டை மாறினால் கரண்டில் கோளாறு. ஊரில் இது சரியான பாடம். இங்கே அதுவே எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது.

4

போன அக்டோபரில் ஒரு நாள் நிலவறையில் இருந்து மேலே வந்தான்.

"அப்பா, கட்டை சேரலப்பா. போன வாரம் சேந்துச்சு. இப்ப அந்தத் தட்டு மேல நிக்கி."

"கரண்ட்டைப் பாத்தியா?"

"இந்த பிளேயருக்கும் கரண்ட்டுக்கும் சம்பந்தம் இல்லப்பா. உள்ள குவார்ட்ஸ் இருக்கு. கடியாரத்துல இருக்குல்லா, அது."

சொன்னானே ஒழிய, தலைக்கு மேலே எரிந்த பல்பை அவனும் ஒரு பார்வை பார்த்தான்.

மறுநாள் நான் எலக்ட்ரிக் கடைக்குப் போய் ஸ்டெபிலைசர் கேட்டேன். கடைப் பையன் எதற்கு என்றான். கரண்ட் ஏறி இறங்கினால் வேண்டுமே என்றேன். "இங்கே ஏறி இறங்காதே" என்றான். வீட்டுக்குள் பிடிக்கக் குடை கேட்டவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான். எங்கள் ஊரில் கோடைகாலத்தில் ஃபேன் இறக்கையை எண்ணிவிடலாம் என்று அவனுக்குச் சொல்ல ஆசை. என் ஜெர்மன் ரொட்டி வாங்குவதற்கும் அலுவலகத்தில் தலையாட்டுவதற்கும்தான் போதும்.

ஜெரோம் முள்ளை மாற்றினான். குமிழைக் கழற்றிச் சுத்தம் செய்தான். உறையில் எழுதிய கட்டையை அழித்து எழுதினான், மறுபடி அழித்தான். உறையெல்லாம் வெளுத்துப்போயின. அவனுக்குச் சேர்ந்து கேட்டது கூட்டாளிகளுக்குச் சேரவில்லை. அவர்களுக்குச் சேர்ந்தது அவனுக்குச் சேரவில்லை. இப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலையில் டீ எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

"ஹெட்போன்தான்லே கோளாறு. குழாய் கரகரன்னா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? ரெண்டு குழாயோட லைனையும் மாத்திக் குடுப்போம். கரகரப்பு அடுத்த குழாய்க்குப் போச்சுன்னா ஆம்ப்ளிஃபயர். போகலைன்னா அந்தக் குழாய்."

"ஹெட்போன் எப்படிப்பா கட்டையை மாத்தும்?"

"மாத்திப் பாருலே. உங்கப்பன் சொல்லுதேன்லா."

எனக்காகத்தான் செய்தான், சிரித்துக்கொண்டே. ஒரே ஒரு தட்டைப் போட்டான். அது ஸ்பீக்கரிலும் கேட்டது, ஹெட்போனிலும் கேட்டது. ஹெட்போனை இடது காதில் வைத்தான்.

"ஹெட்போன்ல மேல நிக்கி. ஸ்பீக்கர்ல கீழ."

"பாத்தியா! நான் சொல்லல?" எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இப்ப வலது காதுக்கு மாத்து."

மாற்றினான். சிரிப்பு நின்றுவிட்டது. திரும்ப இடதுக்கு. திரும்ப வலதுக்கு.

"இப்ப ஹெட்போன்ல கீழப்பா. ஸ்பீக்கர்தான் மேல நிக்கி."

தட்டு ஒன்று, முள் ஒன்று. எது இடது காதில் விழுகிறதோ அது மேலே நின்றது. கோளாறு ஹெட்போனில் இல்லை, ஸ்பீக்கரில் இல்லை. நான் கொண்டு போன டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அப்பா," என்றான் தன் ஆறு வயதுத் தமிழில். "என் காதுக்குள்ள வேற யாரோ பாடுதாவ."

5

லூர்து எங்களைத் தின்றுவிடுவது போலப் பார்த்தாள். "வீட்டுல ஒரு நர்ஸ் இருக்காளேன்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்ல. அப்பனும் மவனும் ஒரு மாசமா கரண்ட்டைத் தேடிருக்கிய!" திட்டிக்கொண்டே அவன் இரண்டு காதையும் தன் இரண்டு கையாலும் பொத்தினாள்.

காது டாக்டர் அவனை ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். கேட்கிற அளவை ஒரு தாளில் கோடாகப் போட்டார். நான் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்பதைப் பார்த்துவிட்டு, நீங்களும் உள்ளே போங்கள் என்றார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என் கோடு ஓர் இடத்தில் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. ஜெரோமின் இடது காதுக் கோடும் அதே இடத்தில் விழுந்தது. அப்பா என்ன வேலை பார்த்தார் என்று டாக்டர் கேட்டார். நூல் மில் என்று ஜெரோம் சொன்னான்.

படி இறங்கும்போது என்னிடம் கேட்டான். "மில்லுல எம்புட்டு வருசம்ப்பா இருந்திய?"

"பதினாலு வருசம்."

"எனக்கு மூணு" என்றான்.

டாக்டர் சொன்னது இதுதான். காதுக்குள் இருக்கும் நுண்ணிய முடிகள் பெருஞ்சத்தத்தில் ஒடிந்துவிடும். களைத்துப்போனது தேறும், செத்தது முளைக்காது. கொஞ்ச நாள் டிரிப் ஏற்றினார்கள். காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் குறைந்தது. ஆனால் இடது காது இன்னும் மேலேதான் நிற்கிறது. இதே சத்தத்தில் இன்னும் நின்றால் வலது காதும் போய்விடும் என்று எச்சரித்து அனுப்பினார்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நான் ஆரம்பித்தேன்.

"விட்டுருலே. கையில எலக்ட்ரீசியன் வேலை இருக்குல்லா."

"காது போகுதுன்னு நீங்க மில்லை விட்டியளா?"

"நாங்க காதுல பஞ்சு வச்சுக்கிட்டோம்."

"பஞ்சு வச்சும் அந்தக் கோடு வந்துருக்கேப்பா."

"அது சோறுலே. மில்லுக்குப் போகாட்டி சோறு ஏது?"

"எனக்கு இதுதான் மம்மு" என்றான்.

அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆனாலும் லூர்து சிரித்துவிட்டாள், நானும் சிரித்துவிட்டேன், பிறகு அவனும். சிரித்து முடித்த பிறகு யாரும் சாப்பிடவில்லை.

நீங்கள் போன் செய்தது அந்த நாட்களில்தான். ஹெட்போன் பழக்கத்தில் ரிசீவரும் இடது காதுக்கே போய்விட்டது. எது ஸ்டெல்லா, எது பாபு என்று அவனுக்குப் பிரித்துத் தெரியவில்லை. "ரெண்டு பேரும் தகர டப்பாக்குள்ள இருந்து பேசுதாவப்பா" என்று பிறகு சொன்னான். கோபத்தில் எழுந்து போகவில்லை பிள்ளைகளா. நிலவறைப் படியில் போய் உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பார்த்தேன்.

6

ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற ஊரும் ராஜபாளையம் மாதிரி நூல் மில் ஊர்தான். இங்கே மில்லெல்லாம் மூடியாகிவிட்டது என்பது ஒன்றுதான் வித்தியாசம். அப்படி மூடிப்போன மில் ஒன்றில்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆட்டம். ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிறு ஜெரோமுக்கு ஒதுக்கியிருந்தார்கள். லூர்து காதை அடைக்கிற மெழுகு வாங்கி வந்தாள். இடது காதை மெழுகால் அடைத்துவிட்டு, ஹெட்போனை வலதுக்கு மாற்றிப் பழகினான். அடியைச் சேர்த்துவிட்டான், அது விரலிலேயே தெரியும். மெழுகைத் தாண்டியும் இடது காதில் கொஞ்சம் கசிந்ததால், கட்டையைத்தான் அவனால் நம்ப முடியவில்லை.

என்னை நிலவறைக்குக் கூப்பிட்டான். "அப்பா, நீங்க கேட்டுச் சொல்லுங்க. சேரலைன்னு சொன்னியன்னா, வரலைன்னு இப்பவே போன் பண்ணிச் சொல்லிருதேன்."

இரண்டு தட்டையும் விட்டான். ஒரு சொல் போதும் எனக்கு. "சேரல" என்றால் தீர்ந்தது, பையன் காது தப்பிக்கும். என் காதில் மேல் சத்தம்தான் போயிருக்கிறது. ஊரில் பிளவக்கல் அணைப் பக்கம் கேட்ட சின்னக் குருவிச் சத்தமெல்லாம் எனக்கு இப்போது கிடையாது. கீழே இருக்கிற கட்டை நன்றாகவே கேட்கும். அடி ஒன்றாக விழுந்தது. ஒரு கட்டை மற்றதன்மேல் ஒட்டி உட்கார்ந்தது. எங்கே இது முடிந்தது, எங்கே அது தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை.

"சேருதுலே" என்றேன்.

அன்றைக்கு லூர்து கேட்டாள். "ஏன் அப்படிச் சொன்னிய?"

"சேந்துச்சு. வேற என்னட்டி சொல்ல?"

"பிள்ளை காது பெருசா, பாட்டு பெருசா?"

பெரியவர்களுக்குப் பதில் தெரியாத கேள்விகளும் உண்டு என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். அவன் கூப்பிட்டுத்தான். "நீங்க என் எடது பக்கம் நில்லுங்க. சேரலைன்னா தோள்ல தட்டுங்க." இரண்டு காதிலும் லூர்துவின் ஆஸ்பத்திரிப் பஞ்சு, தலையில் மங்கி குல்லா. உள்ளே போனதும் என் கண் தரைக்குத்தான் போனது. மெஷின் காலைப் பதித்த போல்ட்டுத் துளைகள் வரிசை வரிசையாக இருந்தன. பதினாலு வருடம் ராஜபாளையத்தில் நான் நடந்த மாதிரியே சந்துகள். அவற்றில் இப்போது பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பச்சைத் தலைமுடியோடு ஒரு பெண் வந்து, ஜெரோமின் அப்பாவா என்று கேட்டு என் கையைக் குலுக்கினாள். என் குல்லா நன்றாக இருக்கிறதாம்.

முதல் சில தட்டுகள் சரியாகப் போயின. பிறகு ஒன்று ஏறும்போது பிசிறியது. அவனுக்கு அது தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே குமிழைத் தள்ளிக்கொண்டிருந்தான். பாயைப் போலக் கத்தத்தான் எனக்கு வாய் வந்தது. தோளில் தட்டினேன். சட்டென்று அந்தத் தட்டை இறக்கிவிட்டு வேறொன்றைத் தேடினான். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் தோள் மட்டும் என் கைக்குக் கீழே தளர்ந்தது.

பஸ்ஸில் வரும்போது எழுந்து இடம் மாறி உட்கார்ந்தான், நான் அவனுக்கு வலது பக்கம் வருகிற மாதிரி.

"எத்தனை தடவைப்பா தட்டினிய?"

"ஒரு தடவைதாம்லே."

"ஒண்ணுதானா? எனக்கு நெறையத் தட்டுன மாதிரி இருந்துச்சு." ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவன், இறங்குகிற இடம் வந்ததும் கேட்டான். "அடுத்ததுக்கும் வாரியளா?"

"வாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

அதைச் சொன்னதில் இருந்து எனக்கு நிம்மதி இல்லை. நான் நின்றால் அவன் பிசிறாமல் போடுவான். பிசிறாவிட்டால் இன்னும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போவான். அணைக்க வேண்டிய ஜெனரேட்டரை நான் ஏற்றிக்கொண்டிருக்கிறேனோ என்று பெட்டி அடுக்கும்போதெல்லாம் நினைக்கிறேன். நான் போகாவிட்டாலும் அவன் போவான், தட்டுவதற்குத்தான் ஆள் இருக்காது. இப்படியும் நினைக்கிறேன்.

சரி, அது பெரியப்பாவின் பாடு. உங்களால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. ஈஸ்டருக்கு மறுபடி பூத்துக்கு வருவீர்கள் அல்லவா? அண்ணன் எடுத்ததும், "அண்ணே, வலது காது!" என்று முதலில் சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தாதீர்கள். பேரைச் சொல்லிவிட்டு ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள். மம்மு சாப்பிட்டாச்சா என்று பாபு கேட்கட்டும், அதற்கு அவனுக்குப் பதில் தெரியும். பதில் வரச் செத்த நேரம் ஆனாலும் போனை வைத்துவிடாதீர்கள். அவன் காது மாற்றிக்கொண்டிருப்பான்.